சண்டை உயிரோடு இருக்கணும்

"முகத்தை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க, மார்லா. ஆங், அப்படித்தான்!" என்றார் வக்கீல் ஹோல்ம், கல்யாண வீட்டுப் போட்டோக்காரரைப் போல.

நீதிமன்றத் தாழ்வாரத்து பெஞ்சின் ஒரு கோடியில் மார்லா. மறு கோடியில், போன வருஷம் அவளை விவாகரத்து செய்த டுவேன். நடுவில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். இருவரும் ஆளுக்கொரு சுவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஹோல்முக்குப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

மனுஷருக்கு ஒரே ஒரு ஆசைதான். பிரிந்துபோன அப்பன் பிள்ளைக்கு எவ்வளவு ஜீவனாம்சம் தர வேண்டும் என்ற அட்டவணையை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சட்டசபை போடவில்லை. மாநில உச்ச நீதிமன்றமே போட்டது. "பந்து போடறவனே அம்பயராவும் நின்னா ஆட்டம் விளங்குமா?" என்று வருஷக் கணக்காக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அட்டவணையை உடைத்துவிட்டுத்தான் கறுப்புக் கோட்டைக் கழற்றுவேன் என்று பெண்டாட்டியிடம் சத்தியமே செய்திருக்கிறார்.

இரண்டு முறை கிட்டத்தில் வந்து கோட்டை விட்டார். முதல் வழக்கு நடக்கும்போதே பிள்ளைக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. ஜீவனாம்சமும் நின்றது, வழக்கும் செத்தது. அடுத்த கட்சிக்காரன் 'ஆளை விடுங்க சாமி' என்று பாதியிலேயே பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். சண்டை உயிரோடு இருந்தால்தான் கோர்ட்டு தீர்ப்பு சொல்லும். அது தீர்ந்துவிட்டால் வழக்கும் குப்பைக்குத்தான்.

அட்டவணைப்படி கட்ட மாட்டேன் என்று வழக்குப் போட்டவர்களில் டுவேன் மூன்றாவது ஆள். இதையும் விட்டால் ஹோல்முக்கு வயதில்லை.

"இந்தப் பனியிலயும் பண்ணையிலேருந்து முப்பது மைல் வந்துட்டியே, சிங்கம்டா நீ!" என்று அவன் முதுகில் தட்டினார்.

டுவேன் நெளிந்தான். "வக்கீல் சார், ஒரு விஷயம் சொல்லணும்..."

"எல்லாம் தீர்ப்புக்கு அப்புறம்."

"இல்ல சார், போன வாரமே சொல்லியிருக்கணும்..."

"பணத்தைக் கட்டிடறேன்னு மட்டும் சொன்னே, இங்கேயே கழுத்தை நெரிச்சிடுவேன்!"

அந்தக் கோடியில் மார்லா இருமினாள். டுவேன் வாயை மூடிக்கொண்டான். காசு வாங்காமல் அவனுக்காக மாடாய் உழைத்த மனுஷர், பாவம்.

கூப்பிட்டார்கள். அறை வாசலில் காவலர் தட்டை நீட்டினார். மார்லா கைபேசியையும், டிரக் சாவியையும், மகள் டெஸ்ஸின் ஒற்றைக் கையுறையையும் எடுத்து வைத்தாள். டுவேன் பைகளைத் துழாவி ஒரு சீப்பையும் பாதி சூயிங் கம்மையும் போட்டான்.

"அவ்வளவுதானா?" என்றார் காவலர்.

"அவ்வளவுதான்."

உள்ளே நீதிபதி ஷ்ராடர் அம்மாள் கண்ணாடியை இறக்கி இருவரையும் பார்த்தார். "முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். உங்களுக்குள்ள இன்னும் சண்டை இருக்கா? நான் மாஞ்சு மாஞ்சு தீர்ப்பு எழுதி, நீங்க ராசியாயிட்டா என் பொழப்பு என்னாகறது?"

"ராசியா!" ஹோல்ம் நெஞ்சில் கை வைத்தார். "கனம் நீதிபதி அவர்களே, இவங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ நிக்கறதே இந்த கோர்ட்டுலதான். நீங்களே கேட்டுப் பாருங்க."

கட்சிக்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். டுவேன் எழுந்தான். தொண்டையைக் கனைத்தான்.

"இவளோட எனக்கு ஒத்தே வராது ஜட்ஜம்மா. எங்கம்மா ஆசையா செஞ்சு அனுப்பின ஜெல்லி சாலட்டைத் தூக்கி நாய்க்குப் போட்டவ!"

"நாயே தின்னலை, ஜட்ஜம்மா!"

"பார்த்தீங்களா, வாயை!"

"உன் வாயை விடவா? பன்னிக் கொட்டாய்ல போட்ட பூட்ஸோட கார்ப்பெட் பூரா நடக்கறவன், பேச வந்துட்டான்!"

"உழைக்கறவன் பூட்ஸுல சேறு இருக்காம சென்ட்டா இருக்கும்?"

"உழைக்கறவன் கதவுகிட்ட கழட்டுவான்!"

அறை குலுங்கியது. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார். ஹோல்ம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன. என்ன அருமையான சண்டை! இதை எந்த உச்ச நீதிமன்றமும் செத்த வழக்கு என்று சொல்ல முடியாது.

"போதும், போதும்!" நீதிபதி சுத்தியலைத் தட்டினார். "இதுக்கு மேல சாட்சி வேண்டாம். சண்டை நல்லா கொழுகொழுன்னு உயிரோடதான் இருக்கு. அட்டவணை செல்லுமா செல்லாதான்னு நான் விசாரிக்கத்தான் போறேன்."

ஹோல்ம் அப்படியே நாற்காலியில் சரிந்தார். "ஜெயிச்சுட்டோம்டா," என்று டுவேனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சந்தோஷத்தைப் பார்த்ததும் டுவேனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கொசுறாக இன்னொன்றையும் போட்டால் வழக்குக்கு இன்னும் பலமாக இருக்குமே என்று பட்டது.

"அதோட இவ குறட்டை வேற விடுவா, ஜட்ஜம்மா!"

மார்லா விருட்டென்று எழுந்தாள்.

"யாரு, நானா? நேத்து ராத்திரி நீ விட்ட குறட்டையில டெஸ் பயந்துபோய் எழுந்து வந்து நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக்கிட்டாளே, மறந்துட்டியா?"