நரம்பின் வேகம்

“முதல்ல என்னைப் பாருங்க டாக்டர். எங்க குடும்பத்துல தடுக்கி விழுந்தவங்க ஒருத்தர்கூடக் கிடையாது.”

யாரும் சொல்லாமலே நாத்தனார் வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

மூலை நாற்காலியில், மடியில் தூங்கும் ஐந்து வயது மகளோடு அந்த வீட்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். இது மூன்றாவது ஆஸ்பத்திரி. விழுந்து விழுந்து குழந்தையின் முட்டியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அவளுக்கு இப்போது அழக்கூடத் தெம்பில்லை.

கிளம்பும்போதே மாமியார் சொல்லிவிட்டார்: “யார் வழியில வந்த சீக்குன்னு கேட்டுக்கிட்டு வாங்க. இவ வழின்னா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இவ அம்மா வீட்டுக்கே போகட்டும்.”

அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் போகத்தான் நாத்தனார் கூட வந்திருக்கிறாள்.

“நரம்பைச் சோதிக்கக் குழந்தைக்கு ஷாக் வைக்கிறதுக்கு முன்னாடி பெரியவங்களைப் பார்த்தா பாதி தெரிஞ்சிடும்,” என்றார் டாக்டர். “அப்பா வரலையா?”

“தம்பிக்குக் கப்பல்ல வேலை. நானும் அவனும் ஒரே வயித்துல பிறந்தவங்கதானே? பாருங்க.”

முழங்கையில் சுள்ளென்று ஒரு ஷாக். சுண்டுவிரல் தானாகத் துள்ளியது.

“அய்யய்யோ! கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி இருக்கு! சரி, நூத்துக்கு எவ்வளவு?”

டாக்டர் சிரித்துவிட்டார். “மார்க் இல்லம்மா, வேகம். நரம்புச் செல்லுல இருந்து நூல் மாதிரி ஒரு இழை விரல் வரைக்கும் நீண்டு வருது. வேற சில செல்கள் அதைச் சுத்திக் கொழுப்பால உறை போட்டிருக்கும், அங்கங்கே இடைவெளி விட்டு. உறை நல்லா இருந்தா, செய்தி அந்த இடைவெளியில தாவித் தாவி ஓடும். கெட்டுப்போனா ஊர்ந்துதான் போகும். விநாடிக்கு அம்பது மீட்டராவது ஓடணும். உங்களுக்கு அம்பத்தஞ்சு.”

“கேட்டுக்கிட்டியா?” நாத்தனார் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். “அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன், ஆமா.”

அடுத்து அவள். டாக்டர் திரையைப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த பட்டையை நகர்த்தி ஒட்டி, மறுபடி ஷாக் வைத்தார். பிறகு இன்னொரு முறை.

“உங்களுக்குச் செருப்பு அடிக்கடி கழண்டு போகுமா?”

“சின்ன வயசுல இருந்தே டாக்டர். கான்வென்ட்ல அணிவகுப்பு நடக்கும்போது காலை இழுக்கிறேன்னு சிஸ்டர் திட்டுவாங்க. என் சோம்பேறித்தனம்னு நினைச்சுக்கிட்டேன்.”

“சோம்பேறித்தனம் இல்லம்மா. உங்க நரம்பும் ஊர்ந்துதான் போகுது. இருபத்திரெண்டு. குழந்தைக்கு உங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கணும். பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. பயிற்சி இருக்கு, காலைத் தாங்கப் பட்டை இருக்கு...”

அதற்குமேல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அவளும் வந்தாள். வராந்தாவில் நாத்தனார் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

“அக்கா, அத்தைகிட்ட நானே சொல்லிடறேன்...”

“நீ வாயைத் திறக்காதே!” என்று அதட்டினாள் நாத்தனார். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பிறகு போனில் அதே குரலில் சொன்னாள்:

“தெரிஞ்சுபோச்சும்மா. நம்ம வழிதான். அவளுக்கு அம்பத்தஞ்சு ஓடுது. எனக்குத்தான் இருபத்திரெண்டு.”