ஒரு மூட்டை ரோமம்

"கதவு திறந்துதானே கிடக்கு? உள்ள வர இத்தனை யோசனையா?"

உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டதும் இளையவள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். தோளிலிருந்த சாக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். மூத்த ஓரகத்தியின் வீட்டுப் படியேறி வருஷக்கணக்காகிவிட்டது. மூத்தவள் அடுத்த வாரம் மகளோடு போய் இருக்கப் போகிறாள், ஒரேயடியாக. இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது.

"ஆட்டு ரோமம்க்கா. கத்தரிச்ச கையோட வாங்கிட்டு வந்தேன். பேரனுக்கு ஒரு கம்பளிக்கு நூல் நூற்கலாம்னு பார்த்தா, ஒரே ஒட்டுமுள்ளு. தனியா முடியல."

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"உங்க கை மாதிரி வருமா?"

"ஐஸ் வைக்காதே. கொண்டா இப்படி."

கூடம் முழுக்கக் கட்டி வைத்த பெட்டிகள். மூத்தவள் இரண்டைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பழைய போர்வையை விரித்தாள். நாடா ஒட்டி முடித்திருந்த ஒரு பெட்டியைக் கிழித்து, கம்பிப் பல் வைத்த சீப்புப் பலகைகள் இரண்டையும் தேடி எடுத்தாள். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி ரோமத்தை அள்ளி முகர்ந்தாள். இளையவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எந்த முள்ளுக்காட்டுல புரண்ட ஆடோ!" என்றாள். அவ்வளவுதான், வேலையில் இறங்கிவிட்டாள்.

முள்ளைப் பொறுக்கி, ரோமத்தை விரலால் பிய்த்துப் பிரித்து, உதறி இளையவள் பக்கம் தள்ளினாள் மூத்தவள். இளையவள் அதைப் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து இழுத்து இழுத்து வாரி, மெத்தென்ற சுருளாக உருட்டி அடுக்கினாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கூட்டுக் குடும்பமாக இருந்த நாளில் பின்கட்டில் இருவரும் இப்படித்தான் உட்காருவார்கள், கை அதுவாகவே பழைய கணக்கில் ஓடியது.

"ரோமம் அலசுற அன்னிக்கு அந்த ஆட்டு வாடைக்கு ஆம்பளைங்க ஒருத்தரும் வீடு தங்க மாட்டாங்க, ஞாபகம் இருக்காக்கா?"

"உன் புருஷன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டுத் தெருவுக்கே ஓடுவாரே!"

"அத்தை காதுல விழுந்துடப் போகுதுன்னு ரோமத்துக்குள்ள மூஞ்சியப் புதைச்சுக்கிட்டுச் சிரிப்போம்."

"சிரிச்சது நீ. திட்டு வாங்கினது நான்."

இருவரும் சிரித்தார்கள். அடேயப்பா, எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு! இளையவளுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து மூத்தவள் பழைய கதையை எடுத்தாள்.

"என் பொண்ணு கல்யாணக் கம்பளிக்குன்னு பார்த்துப் பார்த்துச் சேர்த்த வெள்ளை ரோமம். வெந்நீர்ல போட்டுக் கசக்கினா கட்டிப்போகும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

இளையவள் சீப்பைக் கீழே வைத்தாள். எந்தப் பேச்சு வேண்டாமென்று பயந்தாளோ அதுவே வந்துவிட்டது. அந்த ரோமம் பலகையாக இறுகிப்போன அன்றைக்குத்தான் வீடு இரண்டாயிற்று.

"கசக்கினது நான்தான்க்கா. இல்லேங்கல. வெந்நீர் ஊத்தினது யாரு?"

மூத்தவள் பொறுக்கிய முள்ளை ஒவ்வொன்றாகப் போர்வை ஓரத்தில் சேர்த்தாள்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் கடைசியில். "பேச்சு மும்முரத்துல எந்தப் பானைன்னு பார்க்கல. அன்னிக்கு எதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்?"

"அத்தையோட புதுப் பல்செட்டு."

மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே அழுதுவிட்டாள்.

"நீ பொறாமையில செஞ்சதாச் சொல்லிட்டேன்டி. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றது?"

"வந்திருந்தா ஒரு வாய் காபி குடுத்திருப்பேன்ல?" என்ற இளையவளும் மூக்கை உறிஞ்சினாள்.

பொழுது சாயும்போது மூட்டை காலி. போர்வைமேல் வெள்ளை வெளேரென்று சுருள்கள் குவிந்திருந்தன. இளையவள் அவற்றைப் பக்குவமாகச் சாக்கில் அடுக்கிக் கட்டினாள்.

"வரேன்க்கா."

"நில்லு." மூத்தவள் பொறுக்கிப் போட்ட முள்ளை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "ஆட்டு மேல ஒட்டின முள்ளு அடிரோமம் வரைக்கும் இறங்கிச் சிக்கியிருக்கும். இது தொட்டாலே கையோட வருது. ரோமத்துல ஒரு பொட்டுப் பிசுக்கு இல்ல, ஆட்டு வாடை இல்ல. கடையில கழுவிச் சுத்தம் பண்ணி விக்கிறதை வாங்கிட்டு வந்து, காலையில உக்காந்து நீயேதானே முள்ளைச் சொருகின?"

இளையவள் சாக்கைக் கீழே இறக்கினாள். "எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

"மூட்டையைப் பிரிச்சதுமே" என்ற மூத்தவள், சாக்கின் கட்டை அவிழ்த்து, கையிலிருந்த முள்ளையெல்லாம் அதிலேயே கொட்டினாள். "நாளைக்கு வர்றப்ப இன்னும் நாலு பிடி சேர்த்துச் சொருகிட்டு வா. இன்னிக்குச் சீக்கிரம் முடிஞ்சு போச்சு."