இன்னும் ஒரு கேள்வி

அவள் பதில் சொல்லி முடித்துவிட்டாள். நேர்காணல் நடத்திக்கொண்டிருந்த துறைத் தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

பாழாய்ப்போன முள் நகரவே இல்லை.

ஆளுக்கு அரை மணி நேரமாவது இழுங்கள் என்பது கல்லூரிச் செயலாளரின் உத்தரவு. வெறும் கண்துடைப்பு என்று நாளைக்கு எவனும் வாய் திறக்கக் கூடாது.

வேதியியல் துறையில் இருப்பது ஒரே ஓர் இடம். அது செயலாளரின் தங்கை மருமகனுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. மருமகன் மாடியில் செயலாளரோடு காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் நேர்காணல் நடந்தது. அத்தை சௌக்கியமா, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்றா என்பதோடு முடிந்தது.

எதிரே உட்கார்ந்திருக்கும் சங்கரவடிவுக்கு இது தெரியாது.

துறைத் தலைவருக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். வருகிற ஜூனில் அவருக்கு ஓய்வு. அதற்குப் பிறகும் வேலையில் இருந்துகொள்ளலாம் என்று செயலாளர் வாயால் சொல்லியிருக்கிறார். உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை. பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் இந்த ஒரு நாளைத் தள்ளிவிட வேண்டும்.

காலையில் இதே அறையில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

"குடிப்பீரா வே?"

"இல்ல சார்."

"நாளைலேருந்து வாரும்."

வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அடுத்து வந்த டிரைவர், கல்லூரிப் பேருந்தை மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

வேலை உண்டென்றால் பேச்சு எதற்கு?

இல்லாத வேலைக்குத்தான் இத்தனை கேள்வி.

பக்கத்தில் முதல்வர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். துறைத் தலைவர் அவளுடைய சான்றிதழ்களை இன்னொரு முறை புரட்டினார். நேரத்தைக் கொல்ல ஏதாவது வேண்டுமே.

"சோப்பு எப்படிம்மா அழுக்கை எடுக்குது? இப்பத்தான் காலேஜுக்குள்ள கால் வைக்கிற பிள்ளைக்குச் சொல்லுங்க பாப்போம்."

சங்கரவடிவு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சோப்புக்கு ரெண்டு கை சார். ஒரு கை எண்ணெயப் பிடிச்சுக்கிடும். இன்னொரு கை தண்ணியப் பிடிச்சுக்கிடும். தண்ணி ஓடும்போது மூணும் கைகோத்துக்கிட்டுப் போயிரும்."

சொல்லிக்கொண்டே தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.

இத்தனை வருட வேலையில் அவருக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதே இல்லை.

அதன் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஏன் நுரை வருவதில்லை என்று கேட்டார். அவள் சொன்னாள். இன்னும் ஒரு கேள்வி என்றார். அதற்கும் சொன்னாள். வெறுங்கையோடு போகப்போகிற பிள்ளைக்கு மரியாதையாவது மிஞ்சட்டும் என்றுதான் நினைத்தார். நல்ல எண்ணம்தான். முகம் மலர மலர அவள் பேசியதைப் பார்க்க அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

அரை மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. முதல்வர் கனைத்த பிறகுதான் அவளை அனுப்பினார்.

முகம் கழுவ வராந்தாவுக்கு வந்தார்.

தூணுக்கு அந்தப் பக்கம் அவள் குரல்.

"எம்மா, முக்கா மணி நேரம் கேட்டாவம்மா! மத்தவங்களயெல்லாம் அரை மணி நேரத்துல அனுப்பிட்டாவ. குடுக்காமலா என்னைய மட்டும் இவ்ளோ நேரம் உக்காத்தி வச்சுக் கேப்பாவ? அந்த ஸ்கூல் வேலைய வேண்டாம்னு சொல்லிருதேன். இன்னைக்குள்ள சொல்லணும்லா."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மூடவில்லை.

போய்ச் சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அது சாயங்காலத்துக்குள் மாடிக்கு ஏறிவிடும். அவருடைய ஜூன் அதோடு போய்விடும்.

அவள் திரும்பினாள். அவரைப் பார்த்ததும் போனை இறக்கிக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்தாள்.

அவரும் சிரித்துத் தொலைத்தார்.

சே, என்ன மனுஷன் நான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

அடுத்து வந்த பையன் புதுச் சட்டையில் இருந்தான். உட்கார்ந்ததும் கோப்பை விரித்தான்.

"பேரு?"

சொன்னான்.

"சரி. போகலாம்."

பையனுக்குப் புரியவில்லை. முதல்வரைப் பார்த்தான். முதல்வருக்கும் புரியவில்லை. விரித்த கோப்பை மூட அவனுக்குக் கை வரவில்லை.

"அவ்வளவுதானா சார்?"

பையனின் முகம் கறுத்துப்போயிற்று. பரவாயில்லை, கறுக்கட்டும். இவனாவது வீட்டுக்குப் போய் உருப்படியாக வேறு வேலை பார்ப்பான்.

"அவ்வளவுதான் தம்பி."

அவர் நாற்காலியை வராந்தா ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கையில வேற வேலை ஏதாவது இருந்தா அத விட்டுராதீங்க. இங்க எவ்வளவு நேரம் கேட்டாலும் நம்பாதீங்க. என்ன, கேக்குதா?"

ஒரு கை தூரத்தில் இருந்த பையனுக்கு அத்தனை சத்தம் தேவையில்லை. முதல்வர் செல்போனைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். அவர் இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னார்.

ஜன்னலுக்கு வெளியே சங்கரவடிவு ஒரு காதில் போனை வைத்திருந்தாள். உள்ளிருந்து வந்த இரைச்சல் தாங்காமல் மறு காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி மேடம்," என்று அவள் சொல்வது கேட்டது. "நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க."