பூட்டிய அறை

“பூட்டுப் போட்டாப் பிள்ளை பத்திரமா இருக்கும்னு யாரு உங்களுக்குச் சொன்னது?” என்று கேட்டார் சிஸ்டர்.

“நாங்க வேலை செய்ற கட்டடத்தச் சுத்திக் குழி தோண்டிப் போட்டிருக்காங்க. லாரி வருது, போகுது. அங்க கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?” என்றார் கொத்தனார்.

“எங்கிட்ட விடுங்கன்னுதான் சொல்றேன். சர்ச்சுக்குப் பின்னால பிள்ளைங்களப் பாத்துக்கற இடம் வச்சிருக்கோம். பால் இருக்கு, படுக்கப் பாய் இருக்கு, கூட விளையாடப் பிள்ளைங்க இருக்கு.”

“வேணாம் சிஸ்டர். போன ஊர்ல என் கூட்டாளி ஒருத்தன், படிக்க வைக்கிறோம்னு சொன்னவங்கள நம்பிப் பிள்ளைய அனுப்பினான். அப்புறம் அதோட முகத்தைப் பாக்கவே இல்ல. என் மக என் பூட்டுக்குள்ளயே இருக்கட்டும்.”

பிழைப்புத் தேடி வந்தவர்கள் தங்கும் தகரக் கொட்டகை வரிசை அது. கன்னியாஸ்திரியான சிஸ்டரும் வெளியூர்க்காரர்தான். இந்தக் குடும்பங்களுக்காகவே இவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டவர். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேறுகாலம் என்று கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குவார். கொத்தனாருக்கு அவர்மேல் மரியாதை உண்டு. நாலு வயது மகள் விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் நம்பத் தயாரில்லை.

மனைவி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சரியாகிவிட்டாள். சிஸ்டரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஒருவழியாகத் தன் சொல் எடுபட்டது என்று கொத்தனார் நிம்மதியானார். தினமும் மகளைக் கொஞ்சிவிட்டு, கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் மனைவியோடு வேலைக்குக் கிளம்புவார்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், சாரத்தின் மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தவர் கொட்டகைப் பக்கம் கரும்புகை எழுவதைப் பார்த்தார்.

கையிலிருந்த கரண்டி நழுவியது. எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. கீழே கலவை சுமந்துகொண்டிருந்த மனைவியிடம், “நம்ம வரிசைதான் எரியுது, ஓடி வாடி” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

“பாத்துப் போங்க. குட்டிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது” என்றாள் அவள்.

பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று ஆத்திரம் வந்தது. நின்று சண்டை போட நேரமில்லை.

கொட்டகையில் பாதி கருகிக் கிடந்தது. யாரோ அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறார்கள். வாட்ச்மேன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பதறாதப்பா. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, உள்ள யாரும் இல்ல.”

“என் மக உள்ள இருக்காய்யா.”

வாட்ச்மேனின் கை அப்படியே நின்றுவிட்டது.

கதவில் பூட்டு தொங்கியது. அவசரத்தில் சாவி துளைக்குள் போக மறுத்தது. ஓங்கி உதைத்தார். கதவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே சரிந்து கிடந்த கூரைத் தகரத்தைச் சூடு பார்க்காமல் புரட்டினார். பாய் கருகியிருந்தது. துணிமூட்டை சாம்பலாகியிருந்தது. மகள் மூலையில் இல்லை, பானைகளுக்குப் பின்னால் இல்லை, எங்குமே இல்லை.

வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பூட்டிய அறைக்குள்ளிருந்து பிள்ளை எங்கே போகும்?

“அப்பா.”

சிஸ்டரின் இடுப்பில் மகள் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு பொட்டுக் கரி இல்லை. பிடுங்காத குறையாக வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

“தாயே, நீங்க நல்லா இருக்கணும். பூட்டு போட்டபடியே இருந்துச்சே, எப்படி இவள வெளிய எடுத்தீங்க?”

சிஸ்டர், பின்னால் வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

மகள்தான் சிணுங்கினாள். “ஏம்ப்பா இன்னிக்கு இவ்ளோ சீக்கிரமா வந்துட்ட? சாயங்காலம் நீ வர்றதுக்கு முன்னாடிதானே சிஸ்டர் தெனமும் என்னைக் கொண்டாந்து உள்ள விட்டு, அம்மா குடுத்த சாவியால பூட்டுவாங்க?”