கன்னத்தில் அரிதாரம்

மானம் கப்பலேறிவிட்டது என்று நாற்காலியில் நெளிந்தான் வெங்கடேஷ்பாபு.

மேடையில் கிழவர் வேஷத்தில் அவன் அப்பா ராஜாராம். நாடகத்தில், வீட்டை எழுதி வாங்க, பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அவர் கேசரியில் விஷம் வைக்கிறார்கள். ஒரு விஷத்தை இன்னொரு விஷம் முறித்துவிட, கிழவருக்குப் பல வருஷத்து முட்டிவலி பறந்துபோகிறது! தல்லாகுளம் மண்டபமே குலுங்கிச் சிரித்தது.

கிழவரின் இடது கன்னம் மட்டும் கறுத்து வீங்கிக் கிடந்தது. மூத்த மகன் அறைந்துவிட்டானாம். கதை அப்படி.

பழங்காநத்தத்துத் தெருவே வந்திருந்தது. எதிர்வீட்டு வெள்ளைத்துரை தொடையைத் தட்டினான்.

"மாப்ள, உங்கப்பா கன்னத்தப் பாரு! என்னா மேக்கப்பு! நெசமா அடிவாங்குன மாதிரியே இருக்கு!"

ஹம்சவேணி கணவனைக் கிள்ளினாள். "நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப என்னங்க நடந்துச்சு? ஒத்திகை ஒத்திகைன்னு மாமா வீட்டுப் பக்கமே வரலையே?"

"வாய்ச்சண்டைதான்னு சொன்னேன்ல? அதுக்குப்போய் ஊரைக் கூட்டி என் மானத்த வாங்குறாரு. வாரேன், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு."

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்குள் பாய்ந்தான். பின்னாலேயே பொண்டாட்டி, வெள்ளைத்துரை, பாதித் தெரு.

உள்ளே எல்லோரும் தேங்காய் எண்ணெய் தடவி வேஷம் கலைத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாராம் மட்டும் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

நாடகம் போட்ட காசிமாயன் ஓடிவந்தார். "தம்பி, எம்புட்டுக் கெஞ்சியும் நடிக்க மாட்டேன்னவரு, போன திங்கக்கிழமை அவராவே வந்து நின்னாரு. கதையில அறையே கெடையாது. மகன் அறைஞ்ச மாதிரி வைங்கன்னு சொன்னதே இவருதான். மேக்கப்புக்கும் ஆளு வேணாம்னுட்டாரு!"



"இருங்க மாமா, நான் துடைச்சு விடுறேன்." எண்ணெய்ப் பஞ்சோடு வந்தாள் ஹம்சவேணி. ராஜாராம் சட்டென முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்மா. நாளைக்கும் நாடகம் இருக்கு. மறுபடி போடுறதுக்குள்ள உசுரு போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடேஷ்பாபு மட்டும் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி தலைகுனிந்து நின்றான்.

ராஜாராம் அவன் தோளில் கைபோட்டார். தெருக்காரர்களுக்குப் புரியாத வீட்டுப் பேச்சில், சௌராஷ்டிரத்தில், காதோரமாகச் சொன்னார்.

"பயப்படாதடா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாடகம் இருக்கு. அதுக்குள்ள வீக்கம் வடிஞ்சிரும்."