படகு நின்ற இடம்

“அவர் எங்கே போறார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அந்தப் பெண், கோர்க்கோய், சொன்ன வேகத்திலேயே லார்ட்டேவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. டெமா மீன்பிடித் துறைமுக வாசலில் படகுச் சாமான் கடை போட்டிருப்பவன் அவன். ஜி.பி.எஸ். கேட்டு வரும் ஆண்களுக்குக் காணாமல் போன எஞ்சின் கவலை. பெண்களுக்குக் காணாமல் போகும் புருஷன் கவலை.

“படகு யாருது?”

“அவருதுதான்.”

“அப்ப வேவுதான்!” லார்ட்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாக்கியைப் பார்த்துக் கண்ணடித்தான். பெரிய படகுகளுக்குச் சொந்தக்காரரான சாக்கி புரொப்பல்லர் வாங்க வந்தவர். வாங்கியும் ஆயிற்று, கிளம்பத்தான் மனசில்லை. அடுத்த வீட்டு வம்பு இலவசமாகக் கிடைக்கும்போது எவர் எழுந்து போவார்?

லார்ட்டே முதல் பெட்டியைப் பிரித்தான். “இது சாட்டிலைட்டோட பேசும். மேல சோலார் தகடு. நடுக்கடல்ல நின்னாலும் காட்டிக் கொடுத்துடும்.”

“வெளியே தெரியக் கூடாது.”

“பொல்லாத ஆளுதான்க்கா நீங்க. அப்ப இது. கைக்கு அடக்கமா இருக்கும், எஞ்சின் மூடிக்குள்ள செருகிடலாம்.”

“எஞ்சின் கிடையாது.”

சாக்கிக்குப் புரையேறிவிட்டது. “எஞ்சின்கூட இல்லாமலா உன் ஆளு ஊர் மேயறான்? துடுப்பு போட்டே போய்ச் சேர்ந்துடுவானா? அந்தக் கைக்கு ஒரு காப்பு போடணும்மா!”

லார்ட்டே உதட்டைப் பிதுக்கினான். இந்தக் கரையில் படகுக்குப் படகு பைபிள் வசனம் எழுதுவார்கள், கொடி கொடியாகக் கட்டுவார்கள். லைஃப் ஜாக்கெட் வாங்கச் சொன்னால் மட்டும் கையை விரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுடைய ஓட்டைத் தோணிக்கு ஜி.பி.எஸ். ஒரு கேடு!

“சரி, அவருக்குத் தெரியாம யார் இதைப் பொருத்துவா?”

“டெஷி ஊர்த் தச்சர்கிட்ட பேசிட்டேன். படகு இன்னும் அவர் பட்டறையிலதான் இருக்கு. உள்பக்கப் பலகைக்குப் பின்னால வச்சு அடிச்சுடறேன்னார்.”

“தச்சனைக் கைக்குள்ள போட்டீங்களே, புருஷனைப் போட்டிருந்தா இந்தச் செலவே இல்லையே, அக்கா!”

“அவர் என் கைக்குள்ளதான் இருந்தார். நீ பொருளைக் காட்டு தம்பி.”

சாக்கி விடுவதாக இல்லை. “இவ்வளவு எதுக்கு? அவன் வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டா சொல்லிட்டுப் போறாங்க.”

“கேட்டேன். அவர் எங்கே போனா உனக்கென்னன்னு கதவைச் சாத்திட்டாங்க. எங்க வீட்டுக்கு மது பாட்டிலோட வந்து முறையா அவர் பெண் கேட்கலையாம். அதனால நான் பொண்டாட்டியே இல்லையாம்.”

“ஓகோ! பாட்டில் வைக்கலையா?” சாக்கி தொடையைத் தட்டிக்கொண்டார். “நீதான் சின்னவீடா! இது தெரியாம நான் வேற உனக்காகப் பரிதாபப்பட்டுட்டேன்.”

கோர்க்கோய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அவர் கிழிச்சுட்டு வந்த வலையெல்லாம் நான் தைச்சது. பிடிச்சுட்டு வந்த மீனுக்குப் புகை போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டது நான். அப்பல்லாம் எந்த நாயும் வந்து பாட்டில் எங்கேன்னு கேட்கலை. இப்ப மட்டும் குடும்பம் முளைச்சிருக்கு, குடும்பம்!”

சாக்கி புரொப்பல்லரைத் துடைக்க ஆரம்பித்தார்.

லார்ட்டே அலமாரியின் அடித்தட்டிலிருந்து மலிவானதை எடுத்துப் போட்டான். இவளுக்கு இது போதும். “சிம் கார்டு போட்டது. கரையோரமா இருக்கிற வரைக்கும் நல்லாவே வேலை செய்யும். தண்ணிக்குள்ள விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது.”

“மண்ணு பட்டா?”

இதுவும் ஒரு கேள்வியா என்பது போல அவன் பெருமூச்சு விட்டான். “கரையில இழுத்துப் போட்டா மண்ணு படத்தானேக்கா செய்யும்? தாங்கும். ரொம்ப மூடிக்கிச்சுன்னா சிக்னல் போயிடும். ஆனா, படகு கடைசியா நின்ன இடத்தை உங்க போன்ல புள்ளி வச்சுக் காட்டும். அந்தப் புள்ளி அழியாது.”

“அழியாதா?”

“நீங்களா அழிச்சாத்தான்.”

முதல்முறையாக அவள் முகம் இளகியது. “இதையே குடு.”

“எத்தனை மாசத்துக்கு இணைப்பு போடட்டும்?”

“சனிக்கிழமை ஒரு நாள் போதும்.”

சாக்கிக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. “ஒரே நாள்ல கையும் களவுமா! எழுதி வச்சுக்கோ லார்ட்டே, பயல் பிராம்பிராம் பக்கம்தான் ஒதுங்குவான். அங்கேதான் எல்லாப் பயலும் ஒளியறது.”

“நானும் அப்படித்தான் நினைக்கிறேன்,” என்றாள் கோர்க்கோய். “அவங்க பூர்வீகம் அங்கேதான்.”

லார்ட்டே கருவியைப் பையில் போட்டு நீட்டினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரகசியம் சொல்வது போலக் குனிந்தான்.

“ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்கக்கா. அப்பப்ப வெளியே எடுத்து சார்ஜ் போடணும். அவர் அசந்து தூங்கறப்ப நைசா கழட்டிடுங்க. முழிச்சுக்கிட்டாருன்னா என் கடைப் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. துடுப்போட வந்து நிக்கப் போறாரு!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது அடங்கும்வரை கோர்க்கோய் பையைப் பிடித்தபடி நின்றாள்.

“அது படகு மாதிரி செஞ்ச சவப்பெட்டி தம்பி. அதுக்குள்ள வச்சுத்தான் அவரைப் புதைக்கப் போறாங்க.”