வால்டரின் ரிப்போர்ட்

கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தையில்லாத வால்டர், கல்மண்டபம் டாக்டரின் மேசையில் ஓங்கிக் குத்தினான்.

“இன்னாய்யா ரிப்போர்ட் இது? கதை வுட்றியா?”

“கத்தாதே. ஹார்பர்ல மூட்டை கட்டறவன்தானே நீ? விந்தணுவோட தலைக்குள்ள, வம்சத்தைச் சுமக்கிற நூலையும் அப்படித்தான் சுருட்டி இறுக்கிக் கட்டணும். இதுல அந்தக் கட்டே விழலை. பிறவிக் கோளாறு. உனக்குப் பிள்ளை பிறக்க வழியே இல்லை.”

“பொய்யி! நீயெல்லாம் ஒரு டாக்டரு, கயிதே!”

ரிப்போர்ட்டைச் சுக்குநூறாகக் கிழித்து அவர் முகத்திலேயே எறிந்தான். அது பொய் என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரியும். திட்டிக்கொண்டே படியிறங்கினான்.

வாசலில், தன் நாலாவது பிள்ளையைத் தோளில் சுமந்து நின்ற அண்ணன் சிலுவைமுத்து கண்ணடித்தான்.

“இன்னாடா, நீ வெக்கப்பட்டேன்னு உன் பேர்ல நான் குட்த்த சாம்பிளு, ஜோரா கீதாமா?”